மாத்திரை அட்டையில் கருமணல்

அபிஷா என் மேசை மேல் ஒரு மாத்திரை அட்டையை வைத்தாள்.

பத்துக் குழிகள் உள்ள அட்டை. மாத்திரை தீர்ந்தபின் குப்பையில் போடுகிறோமே, அதேதான். பின்பக்கம் கிழிந்திருந்த வெள்ளித் தாளுக்கு மேல் செல்லோ டேப்பை ஒட்டியிருந்தாள். கண்ணாடிபோல் இருக்கும் முன்பக்கக் குழிகளுக்குள் கறுப்பாகப் பொடி தெரிந்தது. முதல் குழி நிறைய இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் இன்னும் குறைவு. எட்டாவதில் அரை மிளகு அளவு. ஒன்பதும் பத்தும் காலி.

"இது என்னது மக்கா?"

"அம்மைக்க மண்ணு சார்."

செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளை அது. மூன்றாம் வகுப்புக்கு அந்த நேரத்தில் நான் பாடம் நடத்துவதில்லை. வீட்டில் என்ன செய்து பார்த்தார்கள் என்று பிள்ளைகள்தான் வந்து சொல்ல வேண்டும். என்ன செய்தாய், என்ன கண்டாய், அதிலிருந்து என்ன நினைக்கிறாய் என்ற மூன்றையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள்.

அபிஷா வரிசை மாறாமல் சொன்னாள். தினமும் பள்ளி விட்டுப் போனதும் காந்தத்தைப் பால் கவருக்குள் போட்டு அம்மாவின் கழுத்தில் தாடையிலிருந்து கீழே வரைக்கும் தேய்த்தாள். கவரில் கறுத்த மண் ஒட்டியது. அதை ஒரு குழிக்குள் தட்டி ஒட்டினாள். மறுநாள் அடுத்த குழி. நாளாக நாளாக மண் குறைந்தது. கடைசி இரண்டு நாள் ஒன்றுமே வரவில்லை.

"அம்மைக்குள்ள இருந்த மண்ணு எல்லாம் தீந்துபோச்சு சார். இனி அம்மை ஆஸ்பத்திரிக்குப் போவாண்டாம்."

முப்பத்தொரு பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளைக் கழித்தால் முப்பது.

ஆறு காந்தங்கள்

சென்ற இதழில் நான் எழுதியதைப் படித்த ஒருவர் தொலைபேசியில் கேட்டார், உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்திய ஆள் ஓய்வுக்குப் பிறகு மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போவானேன் என்று. என் மனைவியும் இதையே கேட்கிறாள். அவளுக்கு வேறு காரணம். நான் செருப்பைக் கழற்றும் இடத்திலெல்லாம் கடல்மண் கொட்டுகிறது.

குளச்சலைத் தாண்டி இனயம் போகும் வழியில், கடல் அரிப்புக்குப் போட்ட பாறைச் சுவருக்கு எதிரே அந்தப் பள்ளி இருக்கிறது. பலகையில் பிரிபரேட்டரி ஸ்கூல் என்று எழுதியிருக்கும். ஐந்தாம் வகுப்பு வரைதான். நாகர்கோவிலில் இருந்து இரண்டு பஸ் மாறி வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். மூன்றாம் வகுப்பு அறையில் நான்கு ஜன்னல், அதில் ஒன்றுதான் திறக்கும். மின்விசிறி இரண்டு, சுற்றுவது ஒன்று. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்துவிடும். நான் வாங்கிக் கொடுத்த பூட்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

கேட்டவருக்குப் பதில் இதுதான். பெரிய பிள்ளைகள் என் கையில் இருக்கும் பொருளைப் பார்க்கமாட்டார்கள், இது பரீட்சைக்கு வருமா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் பொருளைப் பார்ப்பார்கள்.

முப்பத்து நான்கு வருடத்தில் என் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு முப்பட்டகக் கண்ணாடிகள் களவு போயின. ஒன்று கிடைக்கவே இல்லை. இன்னொன்றை ஒரு கிறிஸ்துமஸ் குடிலில், மாட்டுத் தொழுவத்துக்கு மேலே நட்சத்திரத்துக்குப் பதில் தொங்கக் கண்டேன். அழகாகத்தான் இருந்தது. கேட்காமல் வந்துவிட்டேன். ஆனால் செய்து பார்ப்பதற்காக ஒரு பொருளை வீட்டுக்கு எடுத்துப்போன பிள்ளை அத்தனை வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

காந்தப் பாடத்துக்குக் குளச்சலில் ஒரு மைக் செட் கடையில் பழைய ஸ்பீக்கர்களை உடைத்து ஆறு வட்டக் காந்தம் வாங்கினேன். திருவிழாக்களில் பாடிப் பாடிக் கிழிந்த ஸ்பீக்கர்கள். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். பாடம் எடுக்க என்றேன். "நான் பேய் ஓட்டவோன்னு நெனச்சேன் சாரே" என்றார்.

இரும்புத்தூள் வாங்க வேண்டிய வேலை இல்லை. சாலையைக் கடந்தால் கருமணல். வெள்ளை மணலுக்கு நடுவே பாய் விரித்ததுபோல் கிடக்கும். அதில் ஒரு பங்கு நல்ல காந்தத்தில் ஒட்டும். பிள்ளைகளைப் பாறைச் சுவரோரம் உட்காரவைத்து, காந்தத்தை வெறுமனே மண்ணில் வைத்தால் பிறகு சுரண்டி எடுக்க முடியாது, பால் கவருக்குள் போட்டு வை, கவரை உருவினால் மண் தானே விழும் என்று காட்டினேன். இந்த மண்ணுக்குள் இரும்பு கலந்திருக்கிறது, அதனால்தான் காந்தம் இழுக்கிறது என்று சொன்னேன்.

ரெக்ஸன் என்ற பையன் கேட்டான். "சார், இந்த மண்ணுதானே சீக்கு கொண்டு வரும்?"

அந்தக் கரையில் எல்லோரும் சொல்வது அது. யாருக்காவது கழுத்தில் கட்டி, வயிற்றில் கட்டி என்றால் மண்ணு கேறிட்டு, உடம்புக்குள் மண் ஏறிவிட்டது என்பார்கள். உண்டு என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அன்றும் அப்படியே சொன்னேன்.

வகுப்பு முடிந்து காந்தங்களை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். ஐந்துதான்.

அடுத்த முறை நான் போனபோது அபிஷா வாசலிலேயே நின்றாள். எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைச் சடை, மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

"காந்தம் எனக்ககிட்ட இருக்கு சார். களவு எடுக்கல்ல. ஒரு காரியம் பாக்கணும்."

என்ன காரியம் என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். வைத்துக்கொள் என்றேன். அன்று பஸ்ஸில் எனக்கு நிற்க இடம்தான் கிடைத்தது. ஆனாலும் வீடு வரை சந்தோஷமாக வந்தேன்.

கேட்டுக்கொண்டு நின்ற தலைமையாசிரியை

கை தட்டல் கேட்டு ஜெசிந்தா டீச்சர் வாசலில் வந்து நின்றிருந்தார். பள்ளியின் தலைமையாசிரியை. அபிஷாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. பிள்ளைகள் போனபின் உள்ளே வந்து அந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. அபிஷாவின் அம்மா ஸ்டெல்லாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கணவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் கதிர்வீச்சு வைக்கச் சொல்லியிருந்தார்கள். கரண்டு வைப்பது என்றுதான் இங்கே பேச்சு. ஸ்டெல்லா பாதி வரை ஒழுங்காகப் போய்வந்திருக்கிறாள். தொண்டை வெந்து எச்சில்கூட விழுங்க முடியாமல் ஆனதும் இரண்டு நாள் போகாமல் இருந்தாள். பிறகு போகவே இல்லை.

"நானும் சொல்லிப் பாத்தேன். அவளுக்க அண்ணனும் சொன்னான். ஆனா ஸ்டெல்லா, எனக்க பிள்ள பரிசோதன பண்ணிப் பாத்துட்டா, சயின்ஸ் சாருக்க காந்தம் பொய் சொல்லாதுன்னு சொல்லுதா. நிங்க வந்து சொல்லணும் சார். வேற ஆரு சொன்னாலும் கேக்கமாட்டா."

நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தவிதத்தில் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே காந்தம். கடற்கரை வீட்டில் பாயில் படுத்துக் கிடக்கும் ஒருத்தியின் கழுத்தில் மண் இருக்கும். தினமும் காந்தத்தால் துடைத்து எடுத்தால் குறையும். ஒருநாள் இல்லாமலும் போகும். கழுத்தைச் சுத்தமாக்கியிருந்தாள் பிள்ளை.

எதை நம்பாண்டாம்

அன்று சாயங்காலமே டீச்சரோடு போனேன். முன்னறையில் பாய், தலையணை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் திருஇருதயப் படத்தின் கீழே சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கமாட்டாள். கழுத்தில் ஒரு குழந்தைத் துண்டைச் சுற்றியிருந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது, ஆனால் பேசினாள்.

"சாருக்கு சாயாவா, காப்பியா? எனக்கு இப்ப காப்பி எறங்குது கேட்டியளா. நேத்து கஞ்சியும் எறங்கிச்சு."

டீச்சரைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல இருந்து ஆளு கூட்டிட்டு வந்தியளோ, நான் என்ன பரீட்சையில தோத்தா போனேன்?" என்று சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தம் இல்லை.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தொண்டை ஆறியது சிகிச்சையை நிறுத்தியதால், நோய் போனதால் அல்ல. வெந்த இடம் ஆறுகிறது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. வளரவும் செய்யும். நாளைக்கே போக வேண்டும்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு விரலை மடக்கினாள்.

"கரண்டு வச்சா எரியுது. வைக்காட்டா எரியல்ல. காந்தம் வச்சப்போ மண்ணு வந்துது. இப்ப வரல்ல. இதுல எதை சாரே நான் நம்பாண்டாம்?"

இத்தனை தெளிவாக என்னிடம் யாரும் வாதாடியதில்லை. அவள் சொன்ன நான்கும் உண்மை. வாயால் சொல்லி அவளை அசைக்க முடியாது என்று தெரிந்தது. காந்தத்தால்தான் முடியும்.

அபிஷாவை அழைத்துக் காந்தத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பால் கவருக்குள் போட்டு, அம்மா படுத்த பாயில் தேய்க்கச் சொன்னேன். தேய்த்துத் தூக்கினாள். கவர் கறுப்பாக இருந்தது. தலையணையிலும் இருந்தது. வாசற்படியில் கொத்தாக ஒட்டியது.

"அம்மா கழுத்தில் வந்த மண் அம்மாவுக்குள் இருந்து வரவில்லை. இங்கிருந்து வந்தது. பாயிலிருந்து வந்தது. தினமும் துடைத்ததால் குறைந்தது, துண்டு சுற்றியிருப்பதால் புதிதாக ஒட்டவில்லை. புரிகிறதா மக்கா?"

ஸ்டெல்லாவின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. அவள் பாயையே பார்த்தாள். அத்தோடு நிறுத்த நினைத்தேன்.

அபிஷா நிறுத்தவில்லை. ஒரு இடத்தில் பார்த்தால் போதாது, இன்னொரு இடத்திலும் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கவரைத் தட்டிச் சுத்தமாக்கினாள். தலையைச் சாய்த்து, சடையை ஒதுக்கி, தன் கழுத்திலேயே தேய்த்தாள். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

கறுப்புப் புள்ளிகள். அதிகமில்லை, ஆனால் இருந்தன.

"அப்போ எனக்கும் உண்டா சார்?"

அழவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். இல்லை மக்கா, இது வெளியே இருந்து ஒட்டும் மண் என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் ஸ்டெல்லா எழுந்து வந்து அவள் கையிலிருந்த காந்தத்தைப் பிடுங்கினாள். பிள்ளையை இழுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் சாரே. நிங்க போங்க."

டீச்சரும் நானும் வெளியே வந்தோம்.

ஒப்பிட இன்னொரு ஸ்டெல்லா

மறுநாள் காலை ஸ்டெல்லா திருவனந்தபுரம் போனாள். நான் சொன்னதற்காக அல்ல. இரவு முழுவதும் பிள்ளை தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். பிள்ளையையும் கூட்டிப் போயிருக்கிறாள். மருத்துவர் அபிஷாவின் கழுத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்து, இங்கே ஒன்றும் இல்லை, ஓடிப் போ என்று சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லாவைத்தான் திட்டியிருக்கிறார். விட்ட நாளைப் பின்னால் சேர்த்துக்கொள்ளும் காரியமில்லை இது என்று சொல்லிவிட்டு, மறுபடி தொடங்கினார்கள். இதெல்லாம் ஜெசிந்தா டீச்சர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது.

அந்த இடைவெளிதான் கெடுத்ததா, இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா? நான் பலமுறை யோசித்துவிட்டேன். ஒரு நாளும் விடாமல் போன இன்னொரு ஸ்டெல்லா இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லை.

அடுத்த வகுப்பில் எல்லோரையும் சோதித்தோம். முப்பத்தொரு பிள்ளைகள், நான், ஜெசிந்தா டீச்சர், பள்ளிக்குச் சமைக்கும் கஞ்சிப்புரையில் வேலை செய்யும் அம்மாள். எல்லோர் கழுத்திலும் மண் இருந்தது. ரெக்ஸன் கழுத்தில் ஆக அதிகம். அவனுக்கு அதில் பெருமை. "ஏலே, நீ குளிக்கதே இல்லியா?" என்று பக்கத்துப் பையன் கேட்க, வகுப்பே சிரித்தது. அபிஷாவும் சிரித்தாள். ஆனால் அவள் கழுத்து சிவந்து தோல் உரிந்திருந்தது. துணி துவைக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள் என்று டீச்சர் சொன்னார்.

எல்லோரும் போனபின் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"அம்மா கழுத்தில் வந்த மண் எங்கிருந்து வந்தது?"

"பாயில இருந்து சார்."

"அம்மாவுக்குள்ளே?"

"உள்ள மண்ணு இல்ல சார்."

"உன் கழுத்தில்?"

"காத்துல வந்து ஒட்டுனது."

மூன்றும் சரி. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பெரிய பிள்ளைகளைக்கூட இத்தனை சீக்கிரம் ஒரு தவறான முடிவைக் கைவிட வைத்ததில்லை என்றும் நினைத்தேன்.

அதன் பிறகு ஸ்டெல்லாவை இரண்டு முறை பார்த்தேன். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்து வாசலுக்கு வெளியே நிற்பாள். குரல் முழுதாகப் போயிருந்தது. முதல் முறை என்னைக் கண்டதும் துண்டைக் கொஞ்சம் விலக்கி, கருகிப்போன தோலைக் காட்டி, போகிறேன், விடாமல் போகிறேன் என்பதுபோல் தலையசைத்தாள். இரண்டாவது முறை என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பிடி

விசைப்படகுகள் எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கரையேறிக் கிடந்த நாட்களில் ஸ்டெல்லா போய்விட்டாள். கணவர் அதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டார். அவர் இருந்தது ஒன்றுதான் ஆறுதல் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்து இருக்கிறது. அங்கே குழி வெட்டினால் மண் சரிந்துகொண்டே வரும், இரண்டு பக்கமும் பலகை வைத்துத்தான் வெட்டுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். ரெக்ஸன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு நின்றான். காற்று பலமாக இருந்ததால் பாதிரியார் ஜெபப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார்.

பெட்டியை இறக்கியபின் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட வேண்டும். கணவர் போட்டார். அண்ணன் போட்டார். அடுத்து அபிஷா. ஜெசிந்தா டீச்சர் குனிந்து, குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அபிஷா அதைப் பார்த்தாள். விரல்களை விரித்தாள். மண் அவள் செருப்பின் மேல் விழுந்தது.

"போடு மக்கா. அம்மைக்கு எல்லாரும் போடணும்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா குனிந்து காதில் ஏதோ சொன்னார். அவள் அசையவில்லை. வரிசை நின்றுவிட்டது. பின்னால் யாரோ, சின்னப் பிள்ளைதானே, விடுங்கள் என்றார்கள். இன்னொருவர், கடைசி மரியாதை அல்லவா என்றார்.

அடுத்த ஆள் நான். கையில் மண்ணோடு அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரியும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நான் எடுத்த மண்ணுலா சார் இது. திருப்பி அம்மைக்க மேல போடச் சொல்லுதாவ."

பாயிலிருந்து வந்தது என்று சரியாகப் பதில் சொன்ன அதே பிள்ளை.

என் கையைப் பார்த்தேன். வெள்ளையும் கறுப்பும் கலந்த மண், கறுப்புதான் கூடுதல். பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று அன்று நான் எண்ணவில்லை. வரிசையிலிருந்து விலகி, சுற்றுச்சுவர் வரை போய் அதைக் கொட்டினேன். கையைத் தட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். டீச்சர் என்னைக் கோபமாகப் பார்த்தார். அபிஷா குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள்.